"வெட்டு கூடிப்போச்சு": ஒரு முறைப்பாட்டின் உள்ளே

பாதாள உலகக் கும்பலைப் பற்றிய பழிவாங்கும் படம் ஒன்று வெளியாகி முதல் ஞாயிறு கழிந்தால், மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் இரண்டே இரண்டு தீர்ப்புத்தான் காதில் விழும். ஒன்று "மரண மாஸ்". மற்றது "வெட்டு கூடிப்போச்சு". இரண்டையும் சொல்பவர்கள் ஒரே வரிசையில் இருந்து ஒரே காட்சியைப் பார்த்தவர்களாகவும் இருக்கலாம். ரசனை ஆளுக்கு ஆள் வேறு என்று விட்டுவிட்டுப் போவது எளிது. ஆனால் இரண்டாவது தீர்ப்பைச் சொன்னவரைக் கொஞ்சம் கிளறிக் கேட்டால், அவருக்கு உறுத்தியது பெரும்பாலும் ரத்தத்தின் அளவே அல்ல. பழிக்குக் காரணம் மனதில் பதியாமல் போயிருக்கும். அல்லது சண்டையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரிந்திருக்காது. அல்லது அவர் பார்த்த பிரதியிலேயே பாதிக் கதை இல்லாமல் இருந்திருக்கும். உறுத்துவது ஒன்று, வாயில் வருவது "வெட்டு".

இதே ஆட்கள் இதைவிடக் கூடப் பிணம் விழுந்த படங்களைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

1995இல் வந்த ‘பாட்ஷா’வை எடுத்துக்கொள்வோம். ஆட்டோ ஓட்டும் கதாநாயகனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். அவர் அடியை வாங்கிக்கொண்டு நிற்கிறார். தங்கைமேல் கைவைத்த பிறகுதான் திருப்பி அடிக்கிறார், அதுவும் முதற்பாதியின் பிற்பகுதியில். அதுவரை பார்ப்பவர் மனதில் ஒரு கடன் ஏறிக்கொண்டே போகிறது. கடன் ஏறிய அளவுக்கு, அதைத் தீர்க்கும் அடி எவ்வளவு பலமாக விழுந்தாலும் கூடிப்போனதாகத் தெரியாது. அந்தப் படத்தின் சட்டகத்தை இன்றுவரை எத்தனையோ படங்கள் எடுத்தாண்டுவிட்டன: அமைதியான மனிதன், மறைந்த கடந்த காலம், இடைவேளையில் முகம் வெளிப்படுதல். எடுத்தாளாமல் விட்டது காத்திருப்பை மட்டும். இப்போது அறிமுகக் காட்சியிலேயே பதினைந்து பேர் விழுகிறார்கள். ஏற்கெனவே இத்தனை பேரை வீழ்த்தியவன் பிறகு பொறுமை காக்கிறான் என்று சொன்னால் யார் நம்புவது? அவன் பொறுமை ஒரு திரைக்கதை வசதியாகவே தெரிகிறது.

அடுத்தது, யாருக்காகப் பழி என்பது. 160 நிமிடப் படத்தில் கொல்லப்படப்போகும் மனைவிக்கோ தம்பிக்கோ எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஒரு பாட்டையும் சேர்த்து ஏழெட்டு நிமிடத்தைத் தாண்டாத படங்களே அதிகம். அந்த நிமிடங்களிலும் அந்த ஆள் கதாநாயகனைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. இறந்தவருக்கென்று ஒரு கவலை, ஒரு தொழில், கதாநாயகனோடு ஒரு முரண்பாடு, இப்படிக் குறைந்தது மூன்று காட்சியாவது இருந்தால்தான் அந்த மரணம் கனக்கும். இல்லாவிட்டால் கடைசி நாற்பது நிமிடமும் கத்தி வீச்சை நியாயப்படுத்த எதுவும் இருக்காது. "செத்தது ஆரெண்டே மனசில நிக்கல்ல, மறுகா இவன் ஏன் இந்த வெட்டு வெட்டுறான்?" என்று படுவான்கரைப் பக்கத்தில் ஒருவர் கேட்டால், அது திரைக்கதை ஆசிரியரின் மேசைக்குப் போகவேண்டிய கேள்வி. சண்டைப் பயிற்சியாளர் அதற்குப் பொறுப்பில்லை.

"இரண்டாம் பாதி இழுவை" என்பதற்கும் இதே இடத்தில்தான் வேர். இடைவேளை 75ஆம் அல்லது 80ஆம் நிமிடத்தில் வருகிறது. கடந்த காலக் கதை 90ஆம் நிமிடமளவில் தொடங்கி அரை மணி நேரம் ஓடுகிறது. அந்த அரை மணி நேரமும் நிகழ்காலக் கதையின் கடிகாரம் நின்றுபோகிறது. கதாநாயகன் உயிரோடு இருக்கிறான் என்பது தெரியும், மனைவி இப்போது இல்லை என்பதும் தெரியும். ஆகவே நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்த விஷயம். நமக்குத் தெரியாத ஒன்றை, எடுத்துக்காட்டாகக் காட்டிக்கொடுத்தது யார் என்பதை, அந்தப் பகுதி வெளியிட்டால் இழுவை தெரியாது. வெறும் விளக்கமாக இருந்தால் தியேட்டரில் போன் வெளிச்சங்கள் மினுங்கத் தொடங்கிவிடும்.

ஒலியும் வெளிச்சமும்

படத்தைத் திட்டுவதற்கு முன் தியேட்டரின் ஒலிப்பெட்டியைப் பார்க்கவேண்டிய சந்தர்ப்பங்கள் நிறைய. படங்களின் ஒலியைக் கலக்கும் கூடத்தில் ஒரு நிர்ணயித்த அளவு உண்டு: டொல்பி ஒலிச் செயலியில் 7 என்ற எண், திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் 85 டெசிபல். பழிவாங்கும் படங்களில் வெடிச்சத்தமும் பின்னணி இசையும் அந்த அளவுக்கு மேல் எகிறும்படியே கலக்கப்படுகின்றன. முதற்காட்சியிலேயே "காது கிழியுது" என்று நாலுபேர் சொன்னதும் இயக்குபவர் 7ஐ 5க்கு இறக்கிவிடுகிறார். ஒரு எண்ணுக்குச் சுமார் 3.3 டெசிபல், ஆக இரண்டு எண்ணுக்கு ஆறரைக்கு மேல் குறைகிறது. சண்டை இப்போது காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் பேச்சும் அதே அளவு இறங்குகிறது. கும்பல் படங்களில் முக்கியமான பேச்செல்லாம் அடித்தொண்டையில் முணுமுணுப்பாகவே வரும். துரோகம் எப்படி நடந்தது, பங்கு யாருக்குப் போனது, தம்பியைக் கொல்லச் சொன்னது யார் என்பவை குளிரூட்டியின் இரைச்சலுக்குள்ளும் பின்வரிசைப் பேச்சுக்குள்ளும் கரைந்துவிடுகின்றன. வெட்டுச் சத்தம் மட்டும் தப்பிப் பிழைக்கிறது. பார்ப்பவர் வெளியே வந்து "காரணமே இல்லாம வெட்டுறான்" என்கிறார். அவரளவில் அது முழு உண்மை.

இதற்குப் பார்வையாளர் செய்யக்கூடியது ஒன்றுதான். திரையிலிருந்து பின்சுவர் வரையுள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் இருப்பது. ஒலிக்கலவை செய்பவர்கள் தங்கள் கூடத்தில் இருந்து கேட்கும் இடம் ஏறக்குறைய அதுதான். பேச்சு திரையின் நடு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. ஓரத்தில் இருந்தால் பக்கச் சுவர் ஒலிபெருக்கி அதை மூடிவிடும்.

வெளிச்சத்திலும் இதே கதை. திரையின் நடுவில் 14 அடி-லாம்பேட், அதாவது சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 48 கண்டெலா வெளிச்சம் விழவேண்டும் என்பது டிஜிட்டல் திரையிடலின் நியமம். புரொஜெக்டரின் செனன் விளக்கு பழசாகப் பழசாக அது இறங்கும். குடும்பப் படத்தில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. கும்பல் படங்களோ துறைமுகக் கிட்டங்கி, மழை இரவு, மஞ்சள் விளக்கு என்று இருட்டை நம்பியே நிறம் சரிசெய்யப்படுபவை. வெளிச்சம் பாதியானால் நிழலுக்குள் நிற்கும் அடியாட்கள் காணாமல் போவார்கள். கத்தியின் மினுக்கமும் ரத்தச் சிவப்பும் மட்டும் எஞ்சும். அப்போதும் பழி "வெட்டு"க்குத்தான்.

சண்டை ஏன் விளங்குவதில்லை

நாலு நிமிடச் சண்டை ஒன்றில் ஒரு துண்டு (ஷொட்) சராசரியாக ஒன்றரைச் செக்கன் என்றால் 160 துண்டுகள். துண்டுகளின் எண்ணிக்கை மட்டும் குற்றமல்ல, அவை எங்கே ஒட்டப்படுகின்றன என்பதே பெரிது. கண் ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பார்க்கவேண்டியது திடீரென்று வேறோரிடத்துக்கு மாறினால், கண் புறப்படுவதற்கே ஏறக்குறைய 0.2 செக்கன் எடுக்கும். படம் செக்கனுக்கு 24 சட்டகம் (பிரேம்). ஆக ஐந்து சட்டகம் கையைவிட்டுப் போய்விடும். முந்தைய துண்டில் கதாநாயகனின் கை திரையின் வலது ஓரத்தில் முடிந்து, அடுத்த துண்டில் குத்து இடது ஓரத்தில் முதல் நாலு சட்டகத்துக்குள் விழுந்தால், அந்தக் குத்தை யாருமே பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டார்கள். நல்ல படத்தொகுப்பாளர் இரண்டு துண்டிலும் கவனப் புள்ளியை ஒரே இடத்தில் வைப்பார், அல்லது அடி விழுமுன் ஆறேழு சட்டகம் விட்டுவைப்பார். சண்டைப் பயிற்சியாளர் முழு உருவமும் தெரியும்படி ஒரு நீண்ட துண்டை எடுத்துக் கொடுத்திருந்தால்தான் அவருக்கும் அது முடியும். நடிகருக்குப் பயிற்சி போதாமல், முகம் ஒருநாளும் டூப் இன்னொருநாளும் எடுக்கப்பட்டிருந்தால், கிட்டக் காட்சியும் கமரா ஆட்டமும் வைத்து மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் ஒரு வேடிக்கை. போன் திரையில் வலமும் இடமும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. கண் ஓடவேண்டிய தேவையே குறைவு. அதனால் தியேட்டரின் முன்வரிசையில் இருந்தவருக்குத் தலைசுற்றிய அதே சண்டை, வீட்டில் போனில் பார்த்தவருக்குத் தெளிவாக விளங்கும். சாய்ந்தமருதிலும் ஏறாவூரிலும் தியேட்டருக்குப் போகாமல் வீட்டிலேயே படம் பார்ப்பவர்கள் நிறையப்பேர். அவர்களுக்கும் தியேட்டரில் பார்த்தவர்களுக்கும் இடையில் வரும் தர்க்கத்தில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் திசை. இரண்டு பேர் மோதும்போது அவர்களுக்கிடையே ஒரு கற்பனைக் கோடு போட்டு, கமரா அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே நிற்கவேண்டும். கோட்டைத் தாண்டினால் இடமிருந்து வலம் ஓடியவன் வலமிருந்து இடம் ஓடுவான். ஒருவனை இருபது பேர் சூழும் சண்டையில் இந்தக் கோடு கணத்துக்குக் கணம் மாறும். அதைச் சமாளிக்க அடியாட்களுக்கு ஒரு நிற உடுப்பும் கதாநாயகனுக்கு வேறு நிறமும் கொடுப்பார்கள். எல்லாருக்கும் கறுப்புச் சட்டை போட்டு இரவில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்காலப் படங்கள் பலவே சாட்சி.

துப்பாக்கியும் ரத்தமும், பார்த்தவர்களுக்கு முன்னால்

கிழக்கில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் படத்தில் கேட்டுப் பழகிய ஒன்றல்ல. அதனால் இங்கே வரும் விமர்சனங்களில் சில, சென்னையிலோ லண்டனிலோ வராதவை. டி-56 துப்பாக்கியின் வழமையான ரவைக்கூடு 30 ரவை கொள்ளும். தானியங்கியில் வைத்து விசையை விடாமல் அழுத்தினால் நிமிடத்துக்கு 600 வீதம், செக்கனுக்குப் பத்து, மூன்று செக்கனில் கூடு காலி. கதாநாயகன் முக்கால் நிமிடம் விடாமல் சுட்டுக்கொண்டு நடந்தால் இளசுகள் விசிலடிக்கும். பக்கத்தில் இருக்கும் பெரியவர் "கூடு மாத்தல்லியே" என்று சிரித்துவிட்டுப் போவார். காரின் கதவுக்குப் பின்னால் ஒளிவதையும் அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. ரைபிள் ரவைக்குக் கார்க் கதவின் தகடு ஒரு தடையே இல்லை, எஞ்சின் பக்கம் ஒதுங்கினால்தான் ஏதோ கொஞ்சம் காப்பு. தொடையில் சூடு பட்டவன் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு இன்னொரு சண்டைக்குப் போவதும் அப்படியே. தொடையின் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடத்தில் உயிர் போய்விடும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் ரத்தம். இரண்டு லீற்றர் போனாலே ஆள் பிழைப்பது கடினம். திரையில் ஒரே கழுத்திலிருந்து சுவர் முழுக்கத் தெறிப்பது அந்தக் கணக்கில் வராது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பிழை நிறத்தில் இருக்கிறது. உண்மை ரத்தம் கொஞ்ச நேரத்தில் உறைந்து, கருகி, மண்ணிறமாகும். படச் சண்டையைப் பல நாட்களாக எடுப்பார்கள். ஒவ்வொரு நாளும் புதிதாகப் பூசுவதால் சட்டை முதல் துண்டிலும் கடைசித் துண்டிலும் ஒரே ஈரச் சிவப்பாக இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் "இது சாயம்" என்று மனது சொல்லிவிடும். சாயம் என்று தெரிந்த பிறகு அளவு உறுத்தத் தொடங்கும். பிறகு கணினியில் சேர்க்கும் தெறிப்பு வேறு. அது தரையில் படாது, உடுப்பில் ஊறாது, காற்றிலேயே மறையும்.

குறும்படம் எடுக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது பயன்படும். ஒரு கோப்பை திரவ குளுக்கோஸ், இரண்டு தேக்கரண்டி சிவப்பு உணவுச் சாயம், அரைத் தேக்கரண்டி கொக்கோத் தூள், வெந்நீர் இரண்டு முதல் நாலு மேசைக்கரண்டி. கொக்கோவை முதலில் வெந்நீரில் கரைக்காமல் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். கொக்கோதான் சிவப்பின் பளிச்சென்ற தன்மையைக் கொன்று பழுப்பைக் கொடுப்பது. கமராவில் பார்த்து அரைக்கரண்டிக்கு மேலும் சேர்க்கலாம். உடுப்பில் பூசுவதற்கென்றால் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் கறை ஓரளவு இலகுவாகப் போகும். வாயிலிருந்து வழியும் ரத்தத்துக்கு அதைக் கலக்கவே கூடாது. நம் வெயிலில் வெளியே எடுத்தால் இலையானும் எறும்பும் மொய்க்கும், காலையில் வேளைக்கே முடித்துவிடவேண்டும். ஒரே மாதிரிச் சட்டை குறைந்தது மூன்று கையில் இல்லாமல் ரத்தக் காட்சி தொடங்குவது வீண். உண்மைபோல் தெரியும் பொம்மைத் துப்பாக்கியைத் தெருவில் எடுக்குமுன் பொலிசுக்கு அறிவிப்பது எங்களூரில் வெறும் சம்பிரதாயமல்ல என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பழிக்குப் பிறகு என்ன

கிழக்குக்குப் பழிவாங்கும் கதை புதிதல்ல. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலின் தீப்பள்ளயம் என்ற தீமிதிப்புத் திருவிழா 18 நாள். சபதம், வனவாசம், போர் என்று பாரதம் அங்கே சடங்காகவே நடக்கிறது. வடமோடிக் கூத்துகளில் பாதிக்குமேல் போர்க்கதைதான். ஆனால் கூத்தாடும் வட்டக்களரியில் ஒரு சொட்டு ரத்தம் சிந்துவதில்லை. போர் என்பது ஆட்டமும் தாளக்கட்டும். பாத்திரம் மாண்ட பிறகு வரும் புலம்பலுக்குத்தான் நீண்ட நேரம் ஒதுக்கப்படும். அபிமன்யு விழும் இடத்தில் சனம் அழுவது வில்லைப் பார்த்தல்ல, பாட்டைக் கேட்டு.

கண்ணகை அம்மன் வழிபாடு இன்னும் ஒரு படி மேலே. சிலப்பதிகாரத்துக் கண்ணகி மதுரையை எரிக்கும்போதே தீக்கு எல்லை போடுகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி, இவர்களை விட்டுத் தீயவர் பக்கம் சேர் என்கிறாள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரக் கோயில்களில், தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று பல இடங்களில், வைகாசியில் கண்ணகி வழக்குரை பாடிக் குளிர்த்தி செய்கிறார்கள். எரித்ததோடு சடங்கு முடிவதில்லை, அவளின் வெக்கை ஆறவேண்டும். படம் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் கூத்தையும் வழக்குரையையும் கரைத்துக் குடித்தவர்கள் என்று சொல்லவரவில்லை. விடியவிடியக் கூத்துப் பார்த்த இருபது வயதுக்காரரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். என்றாலும் வீட்டிலும் கோயிலிலும் காதில் விழுந்து வளர்ந்த கதை ஒழுங்கு ஒன்று இருக்கிறது. வில்லன் விழுந்து இரண்டே நிமிடத்தில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்துவரும் கதாநாயகனோடு படம் முடிந்தால் "என்னவோ குறையுது" என்று நம்மவர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. அதிலும் இரண்டாம் பாகத்துக்காகப் புது வில்லன் ஒருவனைக் கடைசி நிமிடத்தில் இறக்கிவிட்டால், பட்ட பாடெல்லாம் விளம்பரத்துக்கா என்ற எரிச்சல் வரும்.

அளவு என்பதும் இங்கேதான் வருகிறது. கொன்றவனைக் கொல்வதில் பெரும்பாலானோருக்கு மறுப்பில்லை. கொன்றவனின் மனைவி பிள்ளைகளைக் கட்டிவைத்து, அதை இசை போட்டு ரசிக்கவைக்கும் இடத்தில்தான் குடும்பமாக வந்தவர்கள் எழும்பிப் போவது. பெண்கள் சொல்லும் "பாக்க ஏலாது" என்பதைக் கவனித்துக் கேட்டால், பத்தில் எட்டுத் தடவை அது நெடுநேரம் நீட்டிக் காட்டிய சித்திரவதையைப் பற்றியது. துப்பாக்கிச் சண்டையைப் பற்றியல்ல.

கும்பலின் தொழில் காணாமல் போனது

1987இல் வந்த ‘நாயகன்’ பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியது என்பது எல்லாரும் அறிந்தது. அந்தக் காலத்துக் கடத்தல் படங்களில் சாமான் தங்க பிஸ்கட்டாக இருந்ததற்குக் காரணம் இந்தியாவின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1968இன் அந்தச் சட்டம் தங்கக்கட்டி வைத்திருப்பதையே தடுத்தது. கடத்திவந்த பத்துத் தோலாக் கட்டி ஒன்று 116.64 கிராம், உள்ளங்கைக்குள் அடங்கும், இடுப்புப் பட்டிக்குள் வரிசையாகச் செருகலாம். 1990இல் சட்டம் நீக்கப்பட்டதும் அந்தத் தொழிலின் இலாபம் விழுந்தது, திரையிலும் போதைப்பொருள் வந்தது. அதிலிருந்து சாமானின் அளவும் நம்பமுடியாதபடி வீங்கிவிட்டது. இலங்கைச் சட்டத்தில் 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். படத்தில் கொள்கலன் கொள்கலனாக வருகிறது, கதாநாயகன் அதைக் கொளுத்திவிட்டுப் போகிறான், அடுத்த நாள் கும்பலுக்குப் பணத் தட்டுப்பாடே இல்லை.

கப்பம் வாங்குவது, அந்தப் பணத்தை வெள்ளையாக்குவது, வேலையில்லாத பெடியன்களைச் சேர்ப்பது, உள்ளேயிருந்து தகவல் கொடுக்கும் அதிகாரி: ஒரு கும்பல் ஓடுவது இவற்றால். இன்றைய படங்களில் இவை ஒரு பாட்டுக்குள் கடந்துபோகின்றன, அல்லது வருவதேயில்லை. கணக்கப்பிள்ளை இல்லாத கும்பல் பயமுறுத்தாது. அதை ஈடுகட்டத்தான் வில்லன் தன் ஆளையே சுத்தியலால் அடித்துக் கொல்லும் காட்சி தேவைப்படுகிறது. திரைக்கதையில் விட்ட ஓட்டையை ரத்தத்தால் அடைப்பது என்று இதைச் சொல்லலாம். கடைத்தெருவில் வியாபாரம் செய்பவர்கள் "வில்லன் சும்மா கத்துறான்" என்று ஒதுக்குவதன் அர்த்தமும் இதுதான்.

மறுபக்கம், "லாஜிக் இல்லை" என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கமுடியாது. 2025 பெப்ரவரி 19இல் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவர், பாதாள உலகப் புள்ளி ஒருவரைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி, உட்பக்கம் குடைந்த புத்தகமொன்றுக்குள் கொண்டுவரப்பட்டிருந்தது. முந்தைய வாரம் இப்படி ஒரு காட்சியைப் படத்தில் வைத்திருந்தால் காதில் பூ என்றிருப்பார்கள்.

ஒரே படம், மூன்று நீளம்

கடைசியாக, பிரதி. இந்தியத் தணிக்கையில் யூ, யூஏ, ஏ என்று வகைகள். 2023இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யூஏ மூன்றாகப் பிரிந்தது: 7+, 13+, 16+. ஏ என்றால் 18 வயதுக்கு மேல். ஏ பெற்ற படத்தை இந்தியத் தொலைக்காட்சியில் அப்படியே போடமுடியாது. வெட்டிக் குறைத்து, யூஏக்கு மறுபடி சான்றிதழ் எடுக்கவேண்டும். மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டதால் ஒத்துக்கொள்ளாதவர்கள் உயர் நீதிமன்றம்தான் போகவேண்டும். 2025இல் ‘கூலி’ படத்துக்குக் கிடைத்த ஏயை யூஏ ஆக்கும்படி அதன் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார், மனு தள்ளுபடியானது. வலைத்தளத்தில் வரும் பிரதிக்கு இந்தத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. இலங்கைத் தியேட்டரில் ஓடுவதற்கு இங்குள்ள சபையின் அனுமதி தனி. அதற்கான கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டுக்குரியது.

தணிக்கையில் வெட்டு என்றால் ஒரு காட்சி முழுவதும் போவதென்று நினைக்கக்கூடாது. கத்தி ஏழு தடவை இறங்கியதை இரண்டாக்குவார்கள், காயத்தை மங்கலாக்குவார்கள், சொல்லை ஊமையாக்குவார்கள். குத்து குறைந்தாலும் அதைப் பார்த்து அலறுபவரின் முகம் அதே நீளத்தில் இருக்கும். பின்னணி இசை நடுவில் துள்ளும். தொலைக்காட்சிக்கு நேரமும் குறைக்கவேண்டும் என்பதால், வன்முறையோடு சேர்த்து அமைதியான காட்சிகளும் போகும். செத்தவருக்கென்று இருந்த அந்த மூன்று காட்சியில் ஒன்றிரண்டு முதலில் பலியாகும்.

பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் முதல் திரையில் வரும் சான்றிதழை வாசித்துவிடுவது நல்லது. வகை, நிமிடக் கணக்கு இரண்டும் அதில் இருக்கும். 16+ என்பதை "யூஏதானே" என்று விட்டுவிடக் கூடாது. 7+க்கும் அதற்கும் நடுவில் ஒன்பது வயது இடைவெளி. டிஷ்ஷில் பார்த்துவிட்டு "வில்லனை ஏன் கொல்றானெண்டே விளங்கல்ல" என்பவரோடு தர்க்கத்துக்குப் போகுமுன், விளம்பரத்தைக் கழித்து அவர் பார்த்தது எத்தனை நிமிடப் பிரதி என்று கேளுங்கள். தியேட்டர் நீளத்தோடு இருபது நிமிடம் உதைத்தால், அவர் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் ஒரே படமல்ல.